ஃப்ளாஷ் போட்டால் படம் பாதி கறுப்பாவது ஏன்? ஷட்டர் ஸ்பீடுக்கும் ஃப்ளாஷுக்கும் உள்ள கணக்கு

கேள்வி இது: "தனி ஃப்ளாஷ் ஒன்று வாங்கினேன். ஷட்டர் ஸ்பீடை 1/500 வினாடி வைத்து எடுத்தால் படத்தின் கீழ்ப்பகுதி கறுப்பாகிவிடுகிறது. 1/60-க்கு இறக்கினால் கறுப்பு போகிறது, ஆனால் மேடையில் ஆடுகிறவர்களின் கை ஆவி மாதிரி இரண்டாகத் தெரிகிறது. முகம் வெளுத்துப்போகிறதே என்று ஷட்டர் ஸ்பீடை 1/200 வரை கூட்டிப் பார்த்தேன். முகம் அப்படியே இருக்கிறது, பின்னால் இருப்பதுதான் இருண்டுபோகிறது. சிலர் ரியர் கர்ட்டன் போடு என்கிறார்கள், சிலர் எச்.எஸ்.எஸ். போடு என்கிறார்கள். எதைக் கேட்பது?"

மூன்று தொல்லைக்கும் வேர் ஒன்றுதான். ஃப்ளாஷ் போட்டு எடுக்கும் எந்தப் படத்திலும் இரண்டு எக்ஸ்போஷர் இருக்கிறது. அந்த இடத்தில் ஏற்கெனவே இருக்கும் வெளிச்சம் ஒரு படத்தைப் பதிகிறது, ஃப்ளாஷ் இன்னொரு படத்தைப் பதிகிறது. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து ஒரே படமாக நம் கைக்கு வருகின்றன. ஷட்டர் ஸ்பீடு கட்டுப்படுத்துவது முதல் படத்தை மட்டும். ஃப்ளாஷ் அதனிடம் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: நான் அடிக்கும் நேரத்தில் ஷட்டர் என்கிற கதவு முழுசாகத் திறந்திருக்க வேண்டும். இதைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக வரும்.

கறுப்புப் பட்டையிலிருந்து தொடங்குகிறேன். லென்ஸ் மாற்றும் வகைக் கேமராக்களில் பெரும்பாலானவற்றில் சென்சாருக்கு முன்னால் இரண்டு திரைகள் இருக்கும். பட்டனை அழுத்தியதும் முதல் திரை மேலிருந்து கீழே ஓடிச் சென்சாரைத் திறக்கிறது. நீங்கள் வைத்த நேரம் கழிந்ததும் இரண்டாம் திரை அதே திசையில் ஓடி வந்து மூடுகிறது. (மிரர்லெஸ் கேமராக்களில் முதல் திரையின் வேலையைச் சென்சாரே வரிவரியாக விழித்துச் செய்வதும் உண்டு. கணக்கு மாறாது.) ஒரு திரை முழு உயரத்தையும் கடக்க ஏறத்தாழ 3 முதல் 4 மில்லி வினாடி பிடிக்கும். நீங்கள் 1/30 வைத்தாலும் 1/4000 வைத்தாலும் திரை ஓடும் வேகம் அதேதான். இரண்டாம் திரை எவ்வளவு நேரம் கழித்துக் கிளம்புகிறது என்பதுதான் மாறுகிறது. அதனால் 'ஷட்டர் ஸ்பீடு' என்ற பெயரே கொஞ்சம் ஆளைக் குழப்பும் பெயர்.

திரை ஓட 3.5 மில்லி வினாடி என்று வைத்துக்கொள்வோம். 1/200 என்பது 5 மில்லி வினாடி. முதல் திரை 3.5-ல் அடியைத் தொட்டுவிடும், இரண்டாவது 5-ல்தான் கிளம்பும். நடுவில் ஒன்றரை மில்லி வினாடி சென்சார் முழுவதும் திறந்து கிடக்கிறது. கேமரா அந்த இடைவெளியின் தொடக்கத்தில் ஃப்ளாஷுக்குச் சைகை கொடுக்கிறது. இப்போது 1/500-ஐப் பாருங்கள். அது 2 மில்லி வினாடிதான். முதல் திரை பாதி வழியைக் கொஞ்சம் தாண்டும்போதே இரண்டாவது பின்னாலேயே கிளம்பிவிடுகிறது. முதல் திரை அடியைத் தொட்டு ஃப்ளாஷ் அடிக்கும்போது, இரண்டாவது ஒன்றரை மில்லி வினாடி ஓடி முடித்துச் சென்சாரில் நாற்பது சதவீதத்துக்கு மேல் மூடியிருக்கும். உங்கள் படத்தில் வந்த கறுப்பு அதுதான். 1/1000 வைத்தால் எழுபது சதவீதம் போய்விடும், வெளிச்சம் ஒரு பட்டையாகத்தான் மிஞ்சும்.

திரை மூடுவது சென்சாரின் மேல்பகுதியை, படத்தில் கறுப்பு வருவதோ கீழே. லென்ஸ் பிம்பத்தைத் தலைகீழாகத்தான் சென்சாரில் போடுகிறது, அதனால் இப்படி. கேமராவைச் செங்குத்தாகப் பிடித்தால் அதே பட்டை பக்கவாட்டில் வரும்.

சென்சார் முழுவதும் ஒரே நேரத்தில் திறந்திருக்கும் ஆக வேகமான ஷட்டர் ஸ்பீடுக்குத்தான் சிங்க் ஸ்பீடு என்று பெயர். பெரும்பாலான கேமராக்களில் அது 1/160 முதல் 1/250-க்குள் இருக்கும். சோனி ஏ1 போன்ற சிலவற்றில் மெக்கானிக்கல் ஷட்டரிலேயே 1/400 வரை போகலாம். உங்கள் கேமராவின் எண்ணைக் கையேட்டில் பார்த்து மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். கேமராவோடு பேசத் தெரிந்த ஃப்ளாஷை மேலே மாட்டினால் கேமரா தானாகவே அந்த எல்லையைத் தாண்ட விடாது. உங்களுக்கு 1/500 வரை போக முடிந்திருக்கிறது என்றால், உங்களுடையது அடியில் ஒற்றைப் பின் மட்டும் உள்ள ஃப்ளாஷாக இருக்கும், அல்லது நடுவில், ஃப்ளாஷுக்குச் சைகையை மட்டும் கடத்தும் எளிய ட்ரிகர் ஒன்று இருக்கும். மேலே ஃப்ளாஷ் இருப்பதே கேமராவுக்குத் தெரியாது. தடுப்பதற்கும் ஆள் இல்லை.

ட்ரிகர் விஷயத்தில் நான் ஒரு முறை நன்றாக அடிபட்டேன். கேமராவின் சிங்க் ஸ்பீடு 1/250 என்று நம்பி, மலிவான ரேடியோ ட்ரிகரை மாட்டி, ஒரு மாலை முழுக்க ஆட்களை நிற்கவைத்து முழு உருவப் படங்கள் எடுத்தேன். கேமராவின் சின்னத் திரையில் எல்லாம் ஒழுங்காகத்தான் தெரிந்தது. வீட்டுக்கு வந்து பெரிய திரையில் போட்டால், ஒவ்வொரு படத்திலும் முழங்காலுக்குக் கீழே ஒரு நிழல். எல்லாரும் கறுப்புக் கால்சட்டை போட்டிருந்தார்கள், தரையும் கறுப்பு, அதனால் அங்கே கண்ணில் படவில்லை. ரேடியோ சைகை போய்ச் சேர ஆகும் துளித் தாமதத்தில் இரண்டாம் திரை கிளம்பிவிட்டது. அன்றிலிருந்து ட்ரிகர் போட்டால் நான் சிங்க் ஸ்பீடுக்குக் கொஞ்சம் கீழே, 1/160-லேயே இருந்துவிடுவது. புது ட்ரிகர் கைக்கு வந்தால் முதலில் ஒரு வெள்ளைச் சுவரை 1/250, 1/200, 1/160 என்று மூன்று முறை எடுத்துப் பார்ப்பேன். பட்டை இருந்தால் சுவர் மறைக்காது.

அடுத்தது முகம். 1/60-லிருந்து 1/200-க்கு ஏற்றியும் முகத்தின் வெளுப்பு குறையவில்லை என்கிறீர்கள். குறையாது. சின்ன ஃப்ளாஷ் முழு பவரில் அடித்தாலே அதன் ஒளியில் பெரும்பகுதி ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு வினாடிக்குள் வந்து முடிந்துவிடும். கதவு 5 மில்லி வினாடி திறந்திருந்தாலும் சரி, 17 மில்லி வினாடி திறந்திருந்தாலும் சரி, உள்ளே வரும் ஃப்ளாஷ் வெளிச்சம் ஒன்றுதான். வாசல் வழியே ஒரு பந்தை எறிவதற்கு வாசல் எத்தனை மணி நேரம் திறந்திருந்தால் என்ன? ஆனால் அறையின் விளக்கு வெளிச்சம் குழாய்த் தண்ணீர் மாதிரி ஒழுகிக்கொண்டே இருக்கிறது. திறந்திருக்கும் நேரம் குறைந்தால் அதுவும் குறையும். அதனால்தான் பின்னணி மட்டும் இருண்டது.

ஆக எந்தக் குமிழ் எதைத் தொடுகிறது என்று பார்த்தால், ஷட்டர் ஸ்பீடு அங்கிருக்கும் வெளிச்சத்தை மட்டும் தொடும். ஃப்ளாஷின் பவரும் அது ஆளுக்கு எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதும் ஃப்ளாஷ் வெளிச்சத்தை மட்டும் தொடும். அப்பெர்ச்சரும் (லென்ஸின் துளை; எஃப் எண் குறையக் குறையத் துளை பெரிதாகும்) ஐஎஸ்ஓவும் (சென்சாரின் உணர்திறன்) இரண்டையும் சேர்த்து ஏற்றும், சேர்த்து இறக்கும். முகம் வெளுத்தால் ஃப்ளாஷ் பவரைக் குறையுங்கள், அல்லது தள்ளி வையுங்கள். தூரம் இரட்டிப்பானால் வெளிச்சம் நாலில் ஒரு பங்காகிவிடும். இதில் ஷட்டரைத் திருகிப் புண்ணியமில்லை.

இதைப் படித்துத் தெரிந்துகொள்வதைவிட ஒரு பத்து நிமிடம் ஒதுக்கி எடுத்துப் பார்ப்பது மேல். மேஜையில் ஒரு பொம்மையை வையுங்கள். பின்னால் சில அடி தள்ளி ஒரு மேஜை விளக்கை எரியவிடுங்கள். கேமரா எம் மோடில் (எல்லாவற்றையும் நாமே வைக்கும் மேனுவல் மோடு), ஐஎஸ்ஓ 400, எஃப் 5.6, 1/200. ஃப்ளாஷை அணைத்து ஒரு படம் எடுங்கள், விளக்கைத் தவிர மிச்சம் கிட்டத்தட்ட இருட்டாகத்தான் வரும். இப்போது ஃப்ளாஷைப் போட்டு, அதையும் மேனுவலில் 1/16 பவரில் வைத்து, பொம்மை சரியான வெளிச்சத்தில் வரும்வரை பவரை மட்டும் முன்னே பின்னே நகர்த்துங்கள். வந்தபிறகு அதைத் தொடாதீர்கள். இனி ஷட்டரை மட்டும் 1/200, 1/100, 1/50, 1/25, 1/13 என்று இறக்கிக்கொண்டே போங்கள். பொம்மை அதே இடத்தில் அதே வெளிச்சத்தில் நிற்கும். அதன் பின்னால் சுவரும் விளக்கின் மஞ்சளும் ஒவ்வொரு படத்திலும் இரட்டிப்பாக எழுந்து வரும். யாரோ பின்னால் நின்று ரெகுலேட்டரைத் திருப்புவது போல இருக்கும். 1/25 வாக்கில் சுவரின் மஞ்சள் பொம்மையின் ஓரத்திலும் ஏற ஆரம்பிக்கும், அதையும் கவனியுங்கள். இந்த ஐந்து படங்களையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தவர்கள் மறுபடி இந்தக் கேள்வியைக் கேட்டு நான் பார்த்ததில்லை.

சோதனையில் ஃப்ளாஷை ஏன் மேனுவலில் வைக்கச் சொன்னேன் என்றால், டி.டி.எல். என்கிற ஆட்டோவில் கேமரா ஒவ்வொரு முறையும் ஃப்ளாஷின் பவரைத் தன்போக்கில் மாற்றும். நீங்கள் ஒன்றை மாற்ற, அது இன்னொன்றை மாற்ற, எது எதனால் என்று புரியாது. வேலைக்கு டி.டி.எல். நல்லதுதான், கற்றுக்கொள்ள ஆகாது.

இப்போது ஆவிக் கை. ஆடும் ஒருவரின் கை வினாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 1/60 வினாடியில் அது 5 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். அந்த 5 சென்டிமீட்டரையும் மேடை வெளிச்சம் கலங்கலாகப் பதிகிறது. நடுவில் ஃப்ளாஷ் ஒரு கணம் அடித்து அதே கையைக் கூர்மையாகப் பதிகிறது. கலங்கல் ஒன்று, கூர்மை ஒன்று, இரண்டு கை. இரண்டு எக்ஸ்போஷரும் ஏறக்குறையச் சம பலத்தில் இருப்பதால்தான் இரண்டும் கண்ணுக்குத் தெரிகின்றன. கலங்கல் மறைய வேண்டுமானால் மேடை வெளிச்சத்தின் பங்கைக் குறைக்க வேண்டும். ஃப்ளாஷைவிட அது 3 ஸ்டாப் குறைவாக (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாவது அல்லது இரட்டிப்பாவது), அதாவது எட்டில் ஒரு பங்காக இருந்தால் கலங்கல் பெரும்பாலும் கண்ணில் படாது.

நீங்கள் 1/60, எஃப் 4, ஐஎஸ்ஓ 1600-ல் எடுத்து, ஃப்ளாஷ் இல்லாமலே மேடை சரியாக வரும் என்று வையுங்கள். ஷட்டரை 1/200-க்கு ஏற்றினால் ஒன்றே முக்கால் ஸ்டாப்புக்குக் கொஞ்சம் குறைவாக இறங்கும். ஐஎஸ்ஓவை 640-க்கு இறக்கினால் இன்னும் ஒன்றேகால் சொச்சம். மொத்தம் 3 ஸ்டாப். ஐஎஸ்ஓ குறைத்ததில் ஃப்ளாஷும் மங்கியிருக்கும், அதற்கு ஈடாகப் பவரை 1/16-லிருந்து 1/8-க்குக் கொஞ்சம் மேலே கொண்டுபோங்கள். கை கூர்மையாகிவிடும். ஆனால் இதற்கும் ஒரு விலை உண்டு: மேடையின் விளக்கலங்காரம் முழுக்க இருட்டில் போய்விடும், ஆள் மட்டும் வெட்டி ஒட்டியது போல நிற்பார். எனக்கு அது பிடிக்காது. நான் பெரும்பாலும் ஒன்றரை, இரண்டு ஸ்டாப்போடு நிறுத்திக்கொள்வேன். விரல் நுனியில் கொஞ்சம் கலங்கல் இருந்தால் இருக்கட்டும், ஆடுகிறார் என்று தெரிகிறதே.

செட்டிங்கைத் தொடாமலே இதைச் சமாளிக்க இன்னொரு வழி, நிற்கும் இடத்தை மாற்றுவது. நகரும் கையின் ஊடாகப் பின்னணி தெரிவதுதான் ஆவித் தோற்றத்தின் பெரும்பகுதி. பின்னணியில் பளீரென்ற திரையோ விளக்கோ இருந்தால் அது கையைத் தின்றுவிடும். இரண்டு அடி நகர்ந்து, ஆடுகிறவருக்குப் பின்னால் இருட்டான பகுதி வரும்படி நின்றுகொண்டால், அதே 1/60-ல் ஃப்ளாஷ் பதித்த கை தெளிவாக நிற்கும். இருட்டின் மேல் கலங்க என்ன இருக்கிறது?

எதிர்த்திசையில் போவதும் ஒரு கலைதான். வேண்டுமென்றே 1/15, 1/8 என்று இறக்கி, பின்னணி விளக்குகளை இழுபட விட்டு, ஆளை ஃப்ளாஷால் ஆணியடித்தது போல நிறுத்துவது. இதை ஷட்டரை இழுப்பது என்பார்கள். கை நடுங்குவதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், ஃப்ளாஷ் விழுந்த முகம் எப்படியும் கூர்மையாகத்தான் வரும். ஒன்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: ஃப்ளாஷின் நிறம் பகல் வெளிச்சத்தை ஒத்தது, ஏறத்தாழ 5500 கெல்வின். மஞ்சள் விளக்கெரியும் அறையில் ஷட்டரை இறக்க இறக்க மஞ்சள் ஏறி, நீல முகமும் ஆரஞ்சுச் சுவருமாக ஆகிவிடும். ஃப்ளாஷின் முகப்பில் ஒரு ஆரஞ்சு ஜெல் தாளைப் போட்டு, கேமராவின் ஒயிட் பேலன்ஸையும் டங்ஸ்டனுக்கு, அதாவது மஞ்சள் பல்பு வெளிச்சத்துக்கு, மாற்றினால் இரண்டும் ஒத்துப்போகும்.

இந்த இடத்தில்தான் ரியர் கர்ட்டன் வருகிறது. இருட்டில் இடமிருந்து வலமாகப் போகும் ஒரு சைக்கிளை அரை வினாடி ஷட்டரில் எடுக்கிறீர்கள், சைக்கிளில் ஒரு விளக்கு இருக்கிறது. வழக்கமான முறையில் முதல் திரை திறந்ததும் ஃப்ளாஷ் அடித்துவிடும். இடப்பக்கம் சைக்கிள் கூர்மையாகப் பதிந்துவிட்டது. மிச்ச நேரம் முழுக்க விளக்கு வலப்பக்கமாகக் கோடு போட்டுக்கொண்டே போகிறது. படத்தில் பார்த்தால் சைக்கிளின் முன்னால் ஒளிக்கோடு நீள்கிறது, வண்டி பின்னோக்கிப் போவது போலத் தோன்றும். ரியர் கர்ட்டனில் ஃப்ளாஷ் இரண்டாம் திரை மூடக் கிளம்புவதற்குச் சற்று முன்னால் அடிக்கும். கோடு முதலில் விழும், சைக்கிள் கடைசியில் பதியும், கோடு வால் மாதிரி பின்னால் நிற்கும். வித்தியாசம் இவ்வளவுதான்.

1/200-ல் இரண்டும் ஒன்றுதான். இந்தச் சுவிட்சைப் போட்டால் படம் ஏதோ தொழில்முறைப் படமாகிவிடும் என்ற நம்பிக்கை பலரிடம் இருக்கிறது. ஷட்டர் 1/30-க்குக் கீழே இறங்கி, எதிரில் இருப்பது ஒரு திசையில் நகர்ந்து, அதன்மேல் தொடர்ந்து எரியும் வெளிச்சமும் இருந்தால்தான் அதற்கு வேலை. அப்போதும் ஒரு சிக்கல் உண்டு. நீங்கள் பட்டனை அழுத்திய கணம் ஒன்று, ஃப்ளாஷ் அடிக்கும் கணம் இன்னொன்று. ஒரு வினாடி ஷட்டரில் ஆடுகிறவர் அடுத்த ஒரு வினாடியில் எங்கே, எந்தப் பாவனையில் இருப்பார் என்று ஊகித்துத்தான் எடுக்க வேண்டும். நல்ல பாவனையைப் பார்த்து அழுத்துவீர்கள், ஃப்ளாஷ் பிடித்ததோ அவர் முகத்தைத் திருப்பிக்கொண்ட கணமாக இருக்கும். ஆட்டத்துக்கு நான் முதல் திரையைத்தான் நம்புவேன்.

டி.டி.எல்.-இல் இன்னொரு கூத்து. கேமரா அளவு பார்க்க ஷட்டர் திறப்பதற்கு முன்பே ஒரு சின்ன முன்-ஃப்ளாஷ் அடிக்கும். சாதாரணமாக அதற்கும் நிஜ ஃப்ளாஷுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி கண்ணுக்குத் தெரியாது. ரியர் கர்ட்டனும் ஒரு வினாடி ஷட்டருமாக வைத்தால் இரண்டும் தனித்தனியாகத் தெரியும். இரவில் ஒரு குழுவை அப்படி எடுத்தேன். முதல் மின்னலிலேயே "எடுத்தாச்சு" என்று எல்லாரும் சிரிப்பைக் கலைத்துவிட்டுத் திரும்பிவிட்டார்கள். இரண்டாவது ஃப்ளாஷ் பதித்தது பன்னிரண்டு பேரின் காதுகளை. ஆட்களை நிற்கவைத்து எடுக்கும்போது முதல் திரைதான் சரி. ரியர் போட்டே ஆக வேண்டுமானால் ஃப்ளாஷை மேனுவலில் வையுங்கள், முன்-ஃப்ளாஷ் இருக்காது.

இனி எச்.எஸ்.எஸ்., அதாவது ஹை ஸ்பீடு சிங்க். இதைப் பற்றித்தான் தவறான புரிதல் அதிகம், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். சிங்க் ஸ்பீடைத் தாண்டினால் இரண்டு திரைக்கும் நடுவில் ஒரு கீற்றுதான் திறந்து நகர்கிறது என்று பார்த்தோம். அந்தக் கீற்று சென்சாரின் மேலிருந்து கீழே போய்ச் சேரும் நேரம் முழுக்க ஃப்ளாஷ் வெளிச்சம் விழுந்துகொண்டே இருந்தால் பட்டை வராது அல்லவா? எச்.எஸ்.எஸ். செய்வது அதைத்தான். ஒரே அடியாக அடிக்காமல், வினாடிக்குப் பல்லாயிரம் தடவை என்ற வேகத்தில் படபடவென்று துடித்து, சில மில்லி வினாடிகளுக்கு அணையாத விளக்கு போல நடிக்கிறது. 1986-ல் ஒலிம்பஸ் தன் எஃப்280 ஃப்ளாஷில் இதைக் கொண்டுவந்தது. இன்று மலிவான ஃப்ளாஷ்களிலும் இருக்கிறது.

விளக்காக மாறிய பிறகு அதற்கு விளக்கின் குணம்தான் இருக்கும். திரையில் பட்டு வீணாகும் வெளிச்சமே அதிகம், அதனால் எச்.எஸ்.எஸ்.-க்குள் நுழைந்ததுமே பவரில் 2 ஸ்டாப் அளவுக்கு இழப்பு என்று வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் ஷட்டரை ஒவ்வொரு படி ஏற்றும்போதும் ஃப்ளாஷ் வெளிச்சமும் ஒரு படி இறங்கும். மேலே சொன்னேனே, ஷட்டர் அங்கிருக்கும் வெளிச்சத்தை மட்டும் தொடும் என்று, அந்த விதி இங்கே செல்லாது. வெயிலில் ஆளின் பின்னால் இருக்கும் வானத்தை இருட்டாக்கலாம் என்று எச்.எஸ்.எஸ்.-இல் 1/1000, 1/2000 என்று ஏற்றுகிறவர்கள், ஆளும் சேர்ந்து இருண்டுபோவதைப் பார்த்து ஃப்ளாஷில் கோளாறு என்பார்கள். கோளாறு ஒன்றும் இல்லை. ஃப்ளாஷுக்கும் வெயிலுக்கும் உள்ள விகிதத்தை எச்.எஸ்.எஸ்.-இல் ஷட்டரை ஏற்றி மாற்ற முடியாது. அசைவை உறையவைப்பதும் அங்கே ஃப்ளாஷ் அல்ல, வேகமான ஷட்டர்தான்.

பிறகு எதற்கு எச்.எஸ்.எஸ்.? அப்பெர்ச்சரைத் திறந்து வைப்பதற்கு. பட்டப்பகல் வெயிலில் ஐஎஸ்ஓ 100, எஃப் 16 என்றால் 1/100 என்பது பழைய கணக்கு. அதையே 1/200-க்குக் கொண்டுவந்தால் எஃப் 11. சிங்க் ஸ்பீடுக்குள் இருக்க வேண்டுமென்றால் எஃப் 11-க்குக் கீழே போக முடியாது, பின்னால் இருக்கும் ஒவ்வொரு இலையும் கூர்மையாக வந்து நிற்கும். பின்னணி கரைய எஃப் 2.8 வேண்டும் என்றால் 4 ஸ்டாப் திறக்கிறோம், ஷட்டரை 4 ஸ்டாப் ஏற்றி 1/3200 வைக்க வேண்டும். அங்கே எச்.எஸ்.எஸ். இல்லாமல் முடியாது. ஃப்ளாஷை ஆளுக்குப் பக்கத்தில், படத்தின் சட்டகத்துக்குச் சற்று வெளியே வரை கொண்டுபோங்கள், இல்லாவிட்டால் வெயிலோடு அதால் போட்டிபோட முடியாது.

மாற்று வழி, லென்ஸில் 4 ஸ்டாப் என்.டி. ஃபில்டர் (வெளிச்சத்தை மட்டும் குறைக்கும் கருங்கண்ணாடி) மாட்டி எஃப் 2.8, 1/200-லேயே இருப்பது. ஃபில்டர் வெயிலையும் ஃப்ளாஷையும் ஒரே அளவுக்குக் குறைக்கும், அதனால் எஃப் 11-க்குத் தேவைப்பட்ட ஃப்ளாஷ் பவர்தான் இங்கும் தேவைப்படும். பொதுவாக எச்.எஸ்.எஸ்.-ஐவிட இதில் வெளிச்சம் கொஞ்சம் மிச்சமாகும், ஃப்ளாஷும் சூடாகாது. ஆப்டிகல் வியூஃபைண்டர் உள்ள கேமராவில் கண்ணுக்கு இருட்டாகத் தெரியும், ஃபோகஸும் தடுமாறும். நகராத ஆளுக்கு ஃபில்டர், ஓடும் குழந்தைக்கு எச்.எஸ்.எஸ். என்று நான் பிரித்துக்கொள்வது வழக்கம்.

ஃப்ளாஷே ஷட்டராக மாறும் இன்னொரு உலகம் இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்தது. 30 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழும் நீர்த்துளி, கீழே வரும்போது வினாடிக்கு ஏறத்தாழ 2.4 மீட்டர் வேகத்தில் இருக்கும். 1/200 வினாடியில் அது 12 மில்லிமீட்டர் நகரும், அதன் உருவத்தைவிடப் பெரிய தூரம். முழு பவரில் ஃப்ளாஷ் ஆயிரத்தில் ஒரு வினாடி எரிந்தால் 2.4 மில்லிமீட்டர், அதுவும் கலங்கல்தான். ஆனால் சின்ன ஃப்ளாஷ்களில் பவரைக் குறைத்தால் வெளிச்சம் மங்குவதில்லை, எரியும் நேரம்தான் வெட்டப்படுகிறது. 1/32, 1/64 பவரில் அது பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். 1/16000 வினாடி என்றால் துளி 0.15 மில்லிமீட்டர்தான் நகரும், கண்ணாடி மணி போல நிற்கும். அறையை இருட்டாக்கி, ஷட்டரை 1 வினாடி திறந்து வைத்து, துளி விழும்போது ஃப்ளாஷை மட்டும் அடித்தால் போதும். ஷட்டர் ஸ்பீடுக்கு இங்கே வேலையே இல்லை. வெளிச்சம் போதவில்லை என்றால் பவரைக் கூட்டாதீர்கள், கூட்டினால் எரியும் நேரமும் நீளும். ஃப்ளாஷைக் கிட்டே கொண்டுவாருங்கள், அல்லது இன்னொரு ஃப்ளாஷைச் சேருங்கள். பெரிய ஸ்டுடியோ விளக்குகளில் சில இதற்கு நேர்மாறு, பவரைக் குறைத்தால் எரியும் நேரம் கூடும். வாங்குமுன் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் இருந்த ஹரால்ட் எட்ஜர்ட்டன் இந்த வழியில்தான் 1957-ல் பால் துளி கிரீடமாகத் தெறிப்பதையும், 1964-ல் தோட்டா ஆப்பிளைத் துளைத்து வெளியேறுவதையும் படமாக்கினார். தோட்டாவை நம் ஃப்ளாஷால் பிடிக்கலாமா என்று கேட்டால், வினாடிக்கு 800 மீட்டர் போகும் தோட்டா 1/30000 வினாடியில்கூட இரண்டரை சென்டிமீட்டருக்கு மேல் நகர்ந்துவிடும். அவர் பயன்படுத்தியது மைக்ரோ வினாடி அளவில் அணையும் ஒளி.

எலக்ட்ரானிக் ஷட்டர் பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் "திடீரென்று ஃப்ளாஷ் வேலை செய்யவில்லை" என்பதற்குப் பாதி நேரம் சத்தமில்லாத மோடுதான் காரணம். அந்த மோடில் சென்சார் வரிவரியாகப் படிக்கப்படுகிறது. பல கேமராக்களில் முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை போக இருபதில் ஒரு வினாடிகூட ஆகும், அதனால் கேமரா ஃப்ளாஷையே முடக்கிவிடும். படிக்கும் வேகம் கூடினால் இந்தத் தடை தளரும். நிக்கான் இசட்9-இல் மெக்கானிக்கல் ஷட்டரே கிடையாது, இருந்தும் 1/250 வரை சிங்க் ஆகும். 2023-ல் சோனி அறிவித்த ஏ9 III-இல் எல்லா வரியும் ஒரே கணத்தில் படிக்கப்படுவதால் 1/80000 வரை சிங்க் உண்டு என்கிறார்கள். லென்ஸுக்குள்ளேயே இதழ் போலத் திறக்கும் லீஃப் ஷட்டர் உள்ள கேமராக்களிலும், உதாரணமாக ஃபியூஜிஃபில்ம் எக்ஸ்100 வரிசையில், கீற்றுத் தொல்லை கிடையாது. அங்கே வெயிலை ஷட்டராலேயே அடக்கலாம், ஃப்ளாஷ் குறையாது. ஷட்டர் மிக வேகமாகும்போது ஃப்ளாஷ் எரியும் நேரத்தின் வால் கொஞ்சம் வெட்டுப்படும், அவ்வளவே.

உங்கள் கேமராவில் ஏ மோடு (ஷட்டர் ஸ்பீடைக் கேமராவே தேர்ந்தெடுக்கும் மோடு) போட்டு ஃப்ளாஷ் அடிக்கிறீர்கள் என்றால் மெனுவில் ஒன்றைப் பாருங்கள். சில கேமராக்கள் அந்த மோடில் ஷட்டர் 1/60-க்குக் கீழே போகாமல் தடுக்கும். சிலவற்றில் தடையே இருக்காது, இருட்டான அரங்கில் 1/4, 1/2 என்று சத்தமில்லாமல் இறங்கிவிடும். எம் மோடில் இருந்தால் இந்தத் திடீர் வேலை எதுவும் நடக்காது. ஆனால் ஆட்டோ ஐஎஸ்ஓவை அணைக்க மறந்துவிடாதீர்கள், எம் மோடிலும் அது பின்னால் நின்று கூட்டிக் குறைத்துக்கொண்டிருக்கும்.

அடுத்த முறை அந்த மேடைக்குப் போகும்போது ஃப்ளாஷ் இல்லாமல் முதலில் ஒரு படம் எடுங்கள். எம் மோடு, 1/160, எஃப் 4, ஐஎஸ்ஓ 800. மேடை ஒன்றரை, இரண்டு ஸ்டாப் இருட்டாக வந்தால் போதும், விளக்குகள் இருப்பது தெரிய வேண்டும், முகம் தெரிய வேண்டியதில்லை. அதிகமாக இருண்டால் ஐஎஸ்ஓவை ஏற்றுங்கள், ஷட்டரைத் தொடாதீர்கள். பிறகு ஃப்ளாஷைப் போட்டு 1/16-லிருந்து தொடங்கி முகத்துக்குச் சரிசெய்யுங்கள். இரண்டு படம் எடுத்ததும் கேமராவின் திரையில் பெரிதாக்கி, முகத்தை விட்டுவிட்டு, நகரும் கையின் ஓரத்தையும் படத்தின் கீழ் விளிம்பையும் பாருங்கள். கையோரத்தில் கலங்கல் அதிகமாக இருந்தால் ஐஎஸ்ஓவை ஒரு படி இறக்கி, ஃப்ளாஷை ஒரு படி ஏற்றுங்கள். கீழ் விளிம்பில் நிழல் தெரிந்தால் 1/125-க்கு வந்துவிடுங்கள்.